பதினோராம் கட்டிலும் வயிறு சிவந்த எறும்புகளும்

புதிதாக டிரஸ்ஸர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. பினாங்கு பட்டணத்தில் இருபத்தெட்டு வருஷம் கட்டுப் போட்டு, மருந்து கலக்கி, டாக்டர்மாருக்குப் பின்னால் தட்டு ஏந்தி நடந்து ஓய்வு பெற்றபோது, கையில் மிஞ்சியது முழங்கால் வலியும் கொஞ்சம் அசட்டுத்தனமான ஞாபகங்களும்தான். புண்ணை எப்படிக் கழுவுவது, ஊசியை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் எறும்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

சிரிக்காதீர்கள். ஒரு மனிதனின் வயிற்றைக் கத்தியால் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. அது என் கையெழுத்தால் வந்த வினை. அதை எறும்புதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஆகவே எறும்பை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அப்போது தெருவில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால் நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரி. என் பொறுப்பில் பன்னிரண்டு கட்டில்கள் கொண்ட ஒரு வார்டு. எங்கள் டாக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் பெயரும் வேண்டாம்.

துரையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது, அவருடைய தமிழ். அந்தக் காலத்தில் துரைமார் பலர் தமிழ்ப் பரீட்சை எழுதினார்கள். இவருக்குப் பாடம் சொன்ன முன்ஷி யாரோ, மனிதர்கள் பேசுகிற தமிழை ஒளித்து வைத்துவிட்டுக் கல்வெட்டில் இருக்கிற தமிழைக் கற்றுக்கொடுத்திருந்தார். துரை கட்டிலருகே குனிந்து, "நோயாளியே, உமது உதரத்தில் வேதனை உளதோ?" என்று கேட்பார். நோயாளி திருதிருவென்று என்னைப் பார்ப்பான். "வயிறு வலிக்குதான்னு கேக்குறாரு" என்று நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பேன். சம்பளத்தில் பாதி அதற்காகத்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, மூடியிருக்கிற எதையும் அவரால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. வார்டுக் கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்தங்கினால் முதுகைத் திறந்துவிடுவார். நான் சேர்ந்த பிறகு இரண்டு முறை திறந்தார். இரண்டாம் முறைக்குப் பிறகு அது ஓடவே இல்லை. மனிதர்களைத் திறப்பதில் கை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நோய்க்குக் காரணம் தெரியாவிட்டால் அவர் விரல்கள் தாமாகவே மேஜையில் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

இனி என் குற்றம். காலை ஏழு மணிக்கு வார்டில் எல்லோருக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பெரும்பாலும் காய்ச்சல் அடித்து ரத்தம் வெளிறிப்போனவர்கள். இரும்புச் சத்து மருந்து. நாக்கில் பட்டால் ஆணியை நக்கியது மாதிரி இருக்கும் என்பதால் சர்க்கரைப் பாகு கலந்து, சிவப்புச் சாயமும் சேர்த்துப் பார்க்க அழகாக வைத்திருப்போம். நோயாளிகள் அதைச் 'செவப்புத் தண்ணி' என்பார்கள். அதே ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வெளியே ஒரு அப்பக்காரர் அடுப்பு மூட்டி உட்காருவார். ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக, தேங்காய்ப்பால் வாசனையோடு அவர் அப்பம் எடுத்துப் போடும்போது தின்ன வேண்டும். ஏழரைக்குப் போனால் மாவு தீர்ந்திருக்கும், அல்லது ஆறிப்போனது கிடைக்கும். ஆறின அப்பம் எனக்கு ஆகாது.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பன்னிரண்டு கிளாஸிலும் மருந்தை ஊற்றி, ஒவ்வொரு தலைமாட்டிலும் டக் டக்கென்று வைத்துக்கொண்டே போவேன். கடைசிக் கட்டிலுக்கு வந்ததும் பன்னிரண்டு மருந்து அட்டைகளையும் ஒன்றாக எடுத்து, 'கொடுக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மாட்டிவிட்டு ஓடுவேன். திரும்பி வரும்போது கிளாஸ் எல்லாம் காலியாக இருக்கும். காலிக் கிளாஸைப் பார்த்து, மருந்து வயிற்றுக்குள் போனது என்று நினைத்துக்கொள்வேன். கிளாஸ் காலியாவதற்கு நூறு வழி உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

பதினோராம் கட்டிலில் வேலாண்டி என்று ஒருவர். சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காய்ச்சல் நின்றும் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே கிடையாது. நல்ல மனிதர். யாரோடும் சண்டையில்லை, கஞ்சியில் குறை சொல்வதில்லை. அப்படிப்பட்ட நோயாளியிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருங்கள்.

அவர் வந்து மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, துரை ரவுண்டு வந்தார். பதினோராம் கட்டிலின் பக்கத்து ஜன்னல் சட்டத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் சீனி டப்பாவுக்குள் வருமே, தலை மட்டும் கறுப்பாக, உடம்பு வெளிறி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற பொடி எறும்பு. அதுதான். ஆனால் ஒவ்வொன்றின் வயிறும் மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தது. துரை நோயாளியை விட்டார், என்னை விட்டார், ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வியப்பு!" என்றார். "சவரிமுத்து, இத்தகைய எறும்பினை நீர் முன்னர்க் கண்டதுண்டோ?"

"எறும்பு கண்டிருக்கேன் துரை. இப்படி வயிறு பார்த்ததில்ல."

உடனே லென்ஸ் வந்தது, ஊசி வந்தது. மருந்து மேஜையிலேயே ஒரு எறும்பைக் கிடத்தித் திறந்துவிட்டார். பன்னிரண்டு நோயாளிகள் காத்திருக்க, அரை மணி நேரம் எனக்கு எறும்பின் வயிற்றைப் பற்றிப் பாடம் நடந்தது. அவர் சொன்னதை நம் தமிழில் சொல்கிறேன். வேலைக்கார எறும்புக்கு உடம்பில் இரண்டு கிடங்கு. ஒன்று வயிற்றின் முன்பக்கத்துப் பை. வெளியே போகிற எறும்பு குடித்ததை அதில் நிரப்பிக்கொண்டு வரும், செரிக்காது. கூட்டுக்கு வந்து, பசித்த எறும்பு மீசையால் தட்டிக் கேட்டால், வாயோடு வாய் வைத்துக் கக்கிக் கொடுக்கும். அந்தப் பை ஊருக்குச் சொந்தம். அதிலிருந்து தனக்கென்று சிறு துளியை மட்டும் உள்ளே விட்டுக்கொள்ளும். இரண்டாவது கிடங்கு கொழுப்பு. அது தன் உடம்பில் தனக்காகச் சேர்ப்பது. வெண்ணெய்த் துணுக்கு மாதிரி இருக்கும். கூட்டுக்குள்ளேயே இருந்து குஞ்சு வளர்க்கும் இளசுகள் கொழுத்திருக்கும், வெளியே அலைகிற கிழடுகள் வற்றிப்போயிருக்கும். தூர தேசத்துப் பாலைவனங்களில் சில எறும்புகள் வயிறு திராட்சை அளவுக்கு உப்பிக் கூரையில் தொங்கிக்கொண்டே இருக்குமாம், மற்றவர்களுக்குப் பஞ்சம் வரும்வரை. இளசுகள் உள்ளே கொழுக்க, கிழடுகள் வெளியே அலைகிற ஏற்பாடு நம் இலாகாவில் நேர் தலைகீழ் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

"சிவப்பு, முதற் கிடங்கில் உள்ளது" என்றார் துரை. "இவ்வார்டில் சிவந்த திரவம் யாதேனும் சிந்திற்றோ?"

தம்பிகளே, இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மானம் முந்திக்கொண்டது.

"ஒரு சொட்டு சிந்தல துரை. செவப்பு மருந்து மட்டும்தான் இருக்கு, அது அத்தனையும் நோயாளி வயித்துக்குள்ள போயிருக்கு. அட்டையில இருக்கு பாருங்க."

துரை முகம் மலர்ந்தது. வெளியிலிருந்து சிவப்பு வரவில்லை என்றால், எறும்பே தன் வயிற்றுக்குள் சிவப்புத் தேன் காய்ச்சுகிறது என்று அர்த்தம். உலகத்தில் யாரும் காணாத எறும்பு. அறிஞர்களுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். அதற்கு முன் ஒரு சோதனை. இருபது எறும்புகளைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து வெறும் சீனித்தண்ணீர் வைக்க வேண்டும். அப்போதும் சிவப்பு நிலைத்தால் கண்டுபிடிப்பு உறுதி. தினமும் நிறத்தைப் பார்த்துக் குறித்து வைக்கும் பொறுப்பு எனக்கு.

அந்தச் சந்தோஷத்தோடேயே திரும்பி வேலாண்டியின் இமையை இழுத்துப் பார்த்தார். சந்தோஷம் போய்விட்டது. அட்டையை எடுத்தார். கொடுக்கப்பட்டது, கொடுக்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. மூன்று வாரத்துக்கும் என் அழகான கையெழுத்து. மூன்று வாரம் இரும்பு குடித்தும் ரத்தம் ஊறவில்லை என்றால், ஊறுகிற ரத்தம் உள்ளே எங்கேயோ கசிகிறது. குடலிலோ இரைப்பையிலோ ஓட்டை. துரையின் விரல்கள் கட்டில் கம்பியில் தாளம் போட்டன.

"வருகின்ற திங்கட்கிழமை காலை திறந்து நோக்குவோம்" என்றார்.

வேலாண்டி என்னைப் பார்த்தார். "வயித்த அறுத்துப் பாக்கணுமாம் அண்ணே" என்றேன்.

"பெரிய தொரை சொன்னா சரி லா" என்று ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வும் போட்டுச் சொல்லிவிட்டு, கைநாட்டு வைக்கக் கட்டை விரலை நீட்டினார்.

அவ்வளவு ரத்தம் குறைந்த உடம்பைக் கத்தி வைத்துத் திறந்தால் திரும்ப மூட நேரம் இருக்குமா என்பது எனக்கே சந்தேகம். துரைக்கும் தெரியும். ஆனால் அட்டை சொல்கிறதே. அட்டையை நம்பித்தான் டாக்டர் நிற்கிறார்.

ஜாடி எறும்புகள் செவ்வாய்க்கிழமை சிவப்பு. புதன்கிழமை ரோஜாப்பூ. வியாழக்கிழமை லேசான இளஞ்சிவப்பு, அதுவும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால். வெள்ளிக்கிழமை கண்ணாடி. துரை இடிந்துபோனார். ஆனால் ஆசை லேசில் விடுமா? பிறந்த இடத்து ஆகாரம் இல்லாமல் தேன் காய்ச்ச முடியவில்லை போலும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். லென்ஸை என் கையில் கொடுத்து, "எறும்புகளின் பாதையைப் பின்பற்றிச் சென்று, அவை யாண்டு உண்கின்றன எனக் கண்டு வருக" என்று கட்டளையிட்டார்.

சனிக்கிழமை காலை, அப்பம் தின்று முடித்த கையோடு, வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டையில் வார்டுத் தரையில் மண்டியிட்டேன். ஒரு கையில் லென்ஸ். மூக்குக்கு நாலு விரல் முன்னால் எறும்பு வரிசை. ஜன்னலிலிருந்து சுவர், சுவரிலிருந்து மூலை. ஒன்பதாம் கட்டில்காரன், "டிரஸ்ஸர் ஐயாவுக்கு என்னா தொலைஞ்சு போச்சு?" என்றான். பத்தாம் கட்டில்காரன், "மூளை" என்றான். வரிசை பதினோராம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. நானும் போனேன்.

எறும்பு கட்டிலில் ஏறாதிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய தகரக் கிண்ணம் வைத்திருப்போம். வேலாண்டி கட்டிலின் சுவரோரக் காலுக்கு அடியில் இருந்த கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. சிவப்புத் தண்ணீர் இருந்தது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கான எறும்பு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு கை இறங்கி, மருந்துக் கிளாஸில் மிச்சமிருந்ததையும் மெதுவாக ஊற்றியது. முணுமுணுவென்று ஏதோ சாமி பெயர் கேட்டது.

கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். "அண்ணே! என்னா செய்றீங்க?"

"உஸ். குடிக்கிற நேரம் லா தம்பி. சத்தம் போடாதீங்க."

"இது உங்க மருந்து!"

"ஆமா. என் பேரைச் சொல்லித்தான் ஊத்துறேன்."

அவர் நிதானமாக விளக்கினார். எஸ்டேட்டிலிருந்து கிளம்பும்போது கோயில் பூசாரி நாள் பார்த்துச் சனி பிடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், எறும்புக்கு இனிப்பு வைக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இங்க சீனிக்கு எங்க போறது? கஞ்சியில உப்புல்ல போடுறாங்க. சூசாவா, கஷ்டமா போச்சேன்னு படுத்திருந்தேன். மொத நாளே நீங்க வந்து செவப்பா, இனிப்பா ஒரு கிளாஸ் வச்சிட்டுப் போனீங்க. சாமி அனுப்புனதுன்னு நெனச்சேன்."

"நான் அனுப்பினது! குடிக்கிறதுக்கு!"

"நீங்க குடின்னு சொல்லலியே தம்பி" என்றார் வேலாண்டி. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. "வச்சிட்டு ஓடிட்டீங்க."

கட்டிலுக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெளியே வர மனசில்லை. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த மனிதனை மேஜையில் படுக்க வைக்கப்போகிறார்கள். குடலில் ஓட்டை இல்லை, இரைப்பையில் ஓட்டை இல்லை. மருந்து உள்ளே போகவே இல்லை, அவ்வளவுதான். இது உலகத்தில் எனக்கும் வேலாண்டிக்கும் எறும்புக்கும் மட்டுமே தெரியும். நான் வாயைத் திறந்தால் இருபத்தாறு நாளாகப் பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று ஆகிவிடும். அடுத்த மாதம் நிரந்தரம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். அப்படிச் செய்யவில்லை. முதலில் கோழைத்தனமான யோசனைகள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஒரு கிளாஸ் மருந்தை என் கையாலேயே ஊற்றிக் குடிக்க வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இமையை இழுத்துப் பார்த்தேன், சிவந்துவிட்டதா என்று. நாலாவது முறை அவர், "கண்ணு வலிக்குது லா" என்றார். பிறகு, ஆபரேஷன் வேண்டாம் என்று அவரையே சொல்லவைக்கப் பார்த்தேன்.

"அண்ணே, பயமா இருக்குன்னு சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லுங்க. ஒங்க இஷ்டம் இல்லாம வெட்ட மாட்டாங்க."

"பயமே இல்லியே தம்பி. எறும்பு ஒரு நாள் கொறையாம குடிச்சிருக்கு. கத்தி என்னா செய்யும்?"

அவர் அதை அத்தனை நிச்சயமாகச் சொன்னார். கத்தியை விட அந்த நிச்சயம்தான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை கேட்டுக்கொண்டிருக்கும்போது, சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னாரோ தெரியாது, என் காதில் 'வச்சிட்டு ஓடிட்டீங்க' என்பது மட்டும்தான் கேட்டது. பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி வயிற்று எறும்புகள் இருந்த ஜாடியை ஒரு கையிலும் மருந்துப் பாட்டிலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ரிக்‌ஷா ஏறினேன். துரையின் பங்களா தண்ணீர்மலை போகும் ரோட்டில். ரிக்‌ஷாக்காரச் சீனர் ஜாடியைக் காட்டி மலாயில் என்னவென்று கேட்டார். செமுட், எறும்பு, என்றேன். தின்பதற்கா என்று கேட்டார். ஆமாம், நான்தான் தின்னப்படப் போகிறேன் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை.

துரை தோட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் அறிஞர்களுக்கு எழுதிய கடிதம், மை காயாமல் இருந்தது. ஜாடியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அவற்றின் உணவைக் கண்டறிந்தீரோ?"

பாட்டிலைத் திறந்து, சிவப்பு மருந்தில் இரண்டு சொட்டு ஜாடிக்குள் விட்டேன். எறும்புகள் வந்து சூழ்ந்தன. இருவரும் குனிந்து பார்த்தோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, முதல் எறும்பின் வயிறு சிவந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சொட்டின் பக்கமே வராத ஒன்று, குடித்து வந்ததை வழிமறித்து வாயோடு வாய் வைத்தது. அதுவும் சிவந்தது.

"ஆகவே, புதிய இனம் அன்று" என்றார் துரை. குரல் இறங்கிவிட்டது. கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் மடிக்கிற கை நின்றது. பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இம்மருந்து எறும்புகட்கு எங்ஙனம் கிட்டிற்று?"

சொன்னேன். கிண்ணம், மண்டலம், பன்னிரண்டு அட்டை, அப்பம். அப்பத்தை மறைத்திருக்கலாம். சொல்ல ஆரம்பித்த பிறகு எதையும் நிறுத்த முடியவில்லை.

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவர் பேசியது முன்ஷியின் தமிழ் இல்லை. குதிரைக்காரனிடமும் சமையல்காரனிடமும் காதால் பொறுக்கிய தமிழ். அவரிடம் அது இருக்கிறதென்றே எனக்கு அன்றுவரை தெரியாது.

"நாளைக்கு அவனை வெட்டியிருப்பேனே" என்றார். "சும்மா வெட்டியிருப்பேனே, சவரி. செத்துப் போயிருப்பானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இருவருமே அழுதோம், நடுவில் ஜாடியில் எறும்புகள் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டிருந்தன.

மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு அவருக்குப் பழைய தமிழ் திரும்பி வந்தது. "சவரிமுத்து, எறும்புக்கு ஊர் வயிறு ஒன்று, தன் வயிறு ஒன்று என இரண்டு உள. உமக்குத் தன் வயிறு மட்டுமே உளது" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் வாங்கிய திட்டுகளில் இன்றும் உறைப்பது அதுதான். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நிரந்தரம் ஆவதை ஒரு வருஷம் தள்ளி வைத்தார். வேலாண்டியின் அட்டையை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு 'கொடுக்கப்பட்டது'க்கு அருகிலும், 'எறும்புகளுக்கு' என்று என் கையாலேயே சிவப்பு மையில் எழுத வைத்தார், ஆங்கிலத்தில். நாளுக்கு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து.

சில நாள் கழித்து மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்தார். அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் பதினோராம் கட்டிலில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தார். "எறும்புகளுக்குப் பலன் தெரிந்ததா?" என்று கேட்டார். எங்கள் துரை முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. "மிக நன்றாக" என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனார். அரசாங்க உத்தியோகத்தில் தைரியமாக எழுதிவைத்த எதையும் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

இதெல்லாம் நடக்கும்போது வேலாண்டி ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. மருந்தை அவர் குடித்துவிட்டால் எறும்புக்கு என்ன வைப்பது? மண்டலம் பாதியில் நிற்கிறதே. அந்த வழக்கைத் துரையே தீர்த்து வைத்தார். தினமும் காலையில் தன் வீட்டுச் சீனியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். முதலில் வேலாண்டி மருந்தைக் குடிக்க வேண்டும், தொண்டை அசைவதை நான் பார்க்க வேண்டும், பிறகு அவர் ஒரு வார்த்தை உரக்கப் பேச வேண்டும், வாயில் ஒதுக்கி வைக்கவில்லை என்று தெரிய. அவர் தினமும் "முருகா" என்பார். அதன் பிறகு துரை காகிதத்தை இரு கையாலும் நீட்டி, "இதோ, தங்கள் எறும்புகட்கு" என்பார். ஒரு நாள் தவறவில்லை. மழையில் நனைந்துகொண்டு கூட அந்தப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

வெறும் சீனி தின்ற எறும்புகள் நாலைந்து நாளில் கண்ணாடியாகிவிட்டன. வேலாண்டிக்கு அது பெரிய கவலை. "செவப்பு போயிருச்சே தம்பி, பலிக்காம போயிருமா?" என்று தினமும் கேட்பார். மண்டலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது துரை சவரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, அவருடைய இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். உள்ளே சிவந்திருந்தது. எறும்பின் வயிற்றில் இருந்த அதே சிவப்பு என்று சொல்ல மாட்டேன். வேலாண்டி சொன்னார்.

அவர் ஊருக்குத் திரும்பிய அன்று பட்டர்வொர்த் படகு ஏற்றிவிட ஜெட்டிவரை போனேன். வெளிறிய முகமே இல்லை, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டார். படகில் ஏறுமுன் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றை ஒரு முறை தடவிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

"பாத்தீங்களா தம்பி? நான் ஏமாந்துறக் கூடாதுன்னு எறும்பு எனக்காகப் பையில வச்சிருந்துச்சு. நேரம் வந்ததும் திருப்பிக் குடுத்துருச்சு. இல்லாட்டி திங்கக்கிழமையே என் கதை முடிஞ்சிருக்கும் லா."

அப்படியில்லை அண்ணே, உங்களைக் காப்பாற்றியது இரும்புச் சத்து என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த எறும்புகள் மட்டும் மருந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜன்னலில் ஊர்ந்திராவிட்டால், நான் திங்கட்கிழமையும் அப்பம் தின்றுவிட்டு வந்து, கத்திகளைக் கொதிக்க வைத்துத் தட்டில் அடுக்கிக் கொடுத்திருப்பேன். ஆமாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அதற்கு வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற நான், சனிக்கிழமை காலையில் சமையலறை ஜன்னலில் ஒரு சிட்டிகை சீனி வைக்கிறேன். என் மனைவி இதைப் பற்றிச் சாமியாரிடம் புகார் செய்திருக்கிறாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு உங்கள் வார்டிலும் மருந்து நேரம். கேட்டுக்கு வெளியே அந்த அப்பக்காரரின் மகன் இப்போது அடுப்பு வைத்திருக்கிறான், அப்பனை விட நன்றாகச் சுடுகிறான், வாசனை வார்டுவரை வரும். கிளாஸை நீங்களே நோயாளியின் வாயில் வைத்துக் கொடுங்கள். தொண்டை அசைகிறதா என்று பாருங்கள். ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகு அட்டையில் எழுதுங்கள். அப்பம் ஆறினால் ஆறட்டும்.